ஆறு நிமிஷத்து வீடு

ஊரின் வடக்குப் பகுதியை அவனைப் போலக் கரைத்துக் குடித்தவன் வேறு யாரும் கிடையாது. பன்னிரண்டு வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். எந்தச் சந்தில் எத்தனை மணிக்குக் குப்பை வண்டி நிற்கும், எந்த முக்கில் எந்தக் கடைக்காரன் பலகையை ரோட்டுக்கு இழுத்துப் போடுவான், எல்லாம் விரல் நுனியில். ஆஸ்பத்திரியில் அவனை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அப்பேர்ப்பட்டவன்தான் வீடு பார்க்கிற விஷயத்தில் கோட்டை விட்டான். சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வீடு மாற வேண்டி வந்தது அக்காவுக்காக. அவனுக்கு அம்மா, அப்பா எல்லாமே அக்காதான். பதினாறு வயதில் நூல் மில்லுக்குப் போனவள், இருபத்தெட்டு வருஷம் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து இவனைப் படிக்க வைத்தாள், லைசென்ஸ் எடுக்க வைத்தாள். தம்பி ஆளானான், அக்காவின் நெஞ்சு போய்விட்டது. கல்யாணப் பேச்சு அவளுக்கும் வந்தது, இவனுக்கும் வந்தது. ரெண்டும் வாசலோடு திரும்பிப் போயிற்று. ஐம்பத்தாறு வயது அக்காவும் நாற்பத்தைந்து வயது தம்பியும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பேப்பரை மாற்றி மாற்றிப் படித்து, நாள் பூரா ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள்.

அப்போது அவர்கள் குடியிருந்தது ஊரின் தெற்குக் கோடி. ஆஸ்பத்திரி இருப்பது வடக்கில். போன வருஷம் ரெண்டு தடவை அக்காவுக்கு இழுப்பு முற்றி, உதடு நீலம் பாரித்து, அரை உயிராகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதாயிற்று. ரெண்டாவது தடவை டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இனிமே அரை மணி, முக்கால் மணி எல்லாம் இவங்க தாங்க மாட்டாங்க. இழுப்பு வந்தா பத்து நிமிஷத்துல என் கையில இருக்கணும். நீங்க எங்க குடியிருக்கீங்கங்கறதும் இனிமே ஒரு மருந்துதான், புரியுதா?"

"புரியுதும்மா. வடக்குப் பக்கமே வந்துடறோம். அந்தப் பக்கம் எனக்குத் தெரியாத இடமே இல்ல" என்றான் மின்னல்.

தரகர் ஒருத்தரைப் பிடித்தார்கள். ஆள் நல்லவர்தான், வாய் மட்டும் ஊரைச் சுற்றும். வடக்கில் நாலு இடம் காட்டினார். ரயில் பாதை ஓரத்து வீட்டில் கதவைத் திறந்ததும் ஒரு சரக்கு ரயில் போயிற்று, சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. "இது வீடா, சல்லடையா?" என்று அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மார்க்கெட் பக்கத்து வீட்டுக்கு எதிரிலேயே லாரி ஷெட். புகையைப் பார்த்து இவனே வேண்டாம் என்றான். மிச்சம் ரெண்டு இடம். ஒன்று சலவைத் தெரு, இன்னொன்று தண்ணித் தொட்டி மேடு.

சலவைத் தெரு ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இருந்தது. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் அங்கேதான் வெளுக்கப்படும். தெரு பூரா நீராவி, சோடா வாசனை. துணி காயவைக்கிற மெஷின்களின் குழாயிலிருந்து பஞ்சுத் துணுக்கு பறந்து வந்து ஒயர்களில் ஒட்டிக்கொண்டு தொங்கும். ஒரு சலவைக் கடைக்கு மேலே ஒற்றை ரூமும் சின்னச் சமையலறையும். மின்னல் படியில் கால் வைத்ததுமே ஒரு துணுக்கு வந்து அவன் சட்டையில் உட்கார்ந்தது. அவன் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மில்லிலிருந்து சாயங்காலம் அக்கா வரும்போது அவள் தலைமயிரில், புருவத்தில், காது மடலில் எல்லாம் இருந்த அதே பஞ்சு. சின்ன வயதில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடுவான்.

"வேணாம். இறங்கு" என்றான்.

"அட, உள்ள போய்ப் பாக்கறதுக்குள்ளயா?"

"இருபத்தெட்டு வருஷம் தின்ன பஞ்சு பத்தலையா உனக்கு? இறங்குக்கா."

அக்கா இறங்கவில்லை. மேலே போய் ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், சலவைக் கடைக்கார அம்மாவோடு நின்று என்னவோ பேசினாள். இவன் கீழே நின்று உறுமிக்கொண்டிருந்தான். அரை மணி கழித்து அவள் வந்தது படி வழியாக இல்லை, பின்பக்கமாக இறங்கிப் போய்த் தெருவின் அந்தக் கோடியிலிருந்து. முகத்தில் ஒரு களிப்பு.

"டேய், ஆஸ்பத்திரித் துணி மூட்டை தூக்கற பொண்ணுங்க எப்படிப் போறாங்கன்னு பாத்தியா? கோடியில ஆஸ்பத்திரிச் சுவர் இடிஞ்சு கிடக்கு. அந்தச் சந்து வழியா நுழைஞ்சா நேரா அவசரப் பிரிவு வாசல். நடந்து பாத்துட்டு வந்தேன். இந்த நெஞ்சை வெச்சுகிட்டு, நின்னு நின்னு போயே நாலு நிமிஷம்டா!"

"சுவர் ஓட்டையில ஆம்புலன்ஸ் நுழையுமா?"

"ஆம்புலன்ஸ் எதுக்குடா? நீ தூக்கிட்டு ஓடு. நாப்பது கிலோ கூட இல்ல நான்."

"ஆமா, மூட்டைத் துணி மாதிரி தலையில வெச்சுகிட்டு ஓடறேன். ஆளைப் பாரு. அடைபட்ட சந்து, அக்கா. எனக்குத் தெரியும். இங்க கேஸ் எடுக்க வந்தா வண்டியை ரிவர்ஸ்லதான் கொண்டுவரணும்."

தண்ணித் தொட்டி மேடு வேறு தினுசு. ஊருக்கே தண்ணீர் போகிற பெரிய தொட்டிக்குக் கீழே சாய்வாக இறங்குகிற ரெண்டு தெரு. புகை கிடையாது, சத்தம் கிடையாது. வீட்டு ஜன்னலைத் திறந்ததும் காற்று திமுதிமுவென்று வந்து காலண்டரைப் புரட்டியது. மின்னல் நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, "இழு அக்கா, நீயும் இழு. இதுக்கெல்லாம் வரி கிடையாது" என்றான். அக்காவும் இழுத்தாள். இருமல் வரவில்லை. தரகர் தானே காற்றை உண்டாக்கியது போல நின்றார்.

"இங்கிருந்து ஆஸ்பத்திரி தூரமாச்சேடா" என்றாள் அக்கா.

"தூரமா? ஆறு நிமிஷம்!"

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நான்தானே ஓட்டறவன்!"

சும்மா வாய்ச்சவடால் இல்லை அது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வண்டிக்கும் டிரிப் புக் உண்டு. நோயாளியை எங்கே ஏற்றினார்கள், எத்தனை மணிக்கு ஏற்றினார்கள், எத்தனை மணிக்கு இறக்கினார்கள் என்று ஒவ்வொரு நடையையும் எழுதி வைப்பார்கள். மின்னல் ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆறு வருஷத்து டிரிப் புக்குகளைப் புரட்டினான். அவனோடு வண்டியில் போகிற அட்டெண்டர் இருக்கிறானே, தூங்குமூஞ்சி என்று பேர், அவன்கூடத் தூக்கம் தெளிந்து உதவி பண்ணினான். மேட்டிலிருந்து வந்த நடைகளைத் தனியாக எழுதினார்கள். ஆறு நிமிஷம், ஆறு, ஏழு, ஆறு, ஐந்தரை. சலவைத் தெருவிலிருந்து வந்த நடைகள்: ஒன்பது, பதினொன்று, ஒன்பது. அங்கே வண்டி திரும்ப இடமில்லை, முக்கு வரைக்கும் சந்தில் ஊர்ந்து வர வேண்டும், பிறகு ஆஸ்பத்திரியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

சாயங்காலம் அந்தக் காகிதத்தை அக்காவின் மடியில் வைத்தான்.

"பாரு. பக்கத்துல இருக்கறது தூரம், தூரத்துல இருக்கறது பக்கம். என் வாயை நம்ப வேணாம், புக்கை நம்பு."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தாள். "இதுல நான் நடந்தது எங்க இருக்கு? நாலு நிமிஷம்?"

"மூச்சு முட்டும்போது நீ நடப்பியா?"

"சரி, மின்னலு. நீ நாள் பூரா ரோட்டுல இருக்கறவன். உனக்குத் தெரியாததா" என்று காகிதத்தை மடித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான், முடிந்தது. அவள் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். சண்டைக்கு அஞ்சுகிறவளும் இல்லை. தம்பி ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தை விட்டு எழுதிக் கொண்டுவந்த காகிதத்தை எதிர்த்துப் பேச அவளுக்கு மனசு வரவில்லை.

மேட்டுக்குக் குடி போனார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், நாலு மாதம் அக்கா ரொம்ப நன்றாக இருந்தாள். இன்ஹேலர் அலமாரியில் தூங்கிற்று. ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வம்பு பேசினாள். பக்கத்து வீட்டு ரொட்டிக்காரர், பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி போடுகிறவர், வேனை நிறுத்திவிட்டு அவளோடு ஒரு டீ குடிக்காமல் போக மாட்டார். "உங்க தம்பி இங்க வீடு பாத்தது நல்ல யோசனைம்மா" என்பார். "யோசனையா? புக்கு போட்டு பரீட்சை எழுதினான் சார்" என்பாள் அக்கா. மின்னலுக்குத் தலைகால் புரியவில்லை. டூட்டியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் மேட்டுக் காற்றைப் பற்றிப் பேசிப் பேசி, அட்டெண்டர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

அன்றைக்கு அவனுக்கு லீவு. சாப்பிட்டுவிட்டுச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். ரெண்டு நாளாக அக்காவுக்குச் சளி. மணி மூன்றே கால் இருக்கும், ஜன்னல் ஓரத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. விசில் மாதிரி, ஆனால் உள்ளுக்கு இழுக்கிற விசில். அவன் பொத்தானைப் போட்டுவிட்டு ஓடினான். அக்கா நாற்காலியின் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏற, காற்றுக்கு அலைந்துகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அத்தனை காற்று வந்து காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குள் ஒரு வாய் போகவில்லை. இன்ஹேலரை வைத்து அழுத்தினான், அழுத்தினான். உதடு வெளுத்தது, பிறகு நீலமாயிற்று.

கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டான். எடுத்தது தினமும் அவனை அண்ணே அண்ணே என்று கூப்பிடுகிற பொண்ணு.

"அண்ணே, ரெண்டு வண்டியும் வெளியில இருக்கு. பாலத்துகிட்ட பஸ் கவுந்துடுச்சு, ஏழெட்டுப் பேர். உங்க வண்டியும் அங்கதான் போயிருக்கு. அரை மணியாவது ஆகும்ணே. யாருக்குண்ணே?"

அவன் போனை வைத்துவிட்டான். அவன் வண்டி. அவன் ஆறு நிமிஷம். அது பாலத்துக்கிட்டே வேறு யாரையோ ஏற்றிக்கொண்டிருந்தது. அவன் லீவில் இருக்கிற நாளில் அந்தக் காகிதத்திலிருக்கிற ஒரு எண்ணும் அவனுடையது இல்லை என்பது அந்த நிமிஷம்தான் அவனுக்கு உறைத்தது. நாலு மாதமாக ஒருநாள்கூட அது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டாமா? எனக்குத் தோன்றியிருக்குமா என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை.

நல்லவேளையாக ரொட்டிக்காரர் வேனோடு வீட்டில் இருந்தார். அக்காவைத் தூக்கினான். உண்மையிலேயே நாற்பது கிலோ இல்லை. முன் சீட்டில் உட்கார வைத்து, ரொட்டிக்காரரைப் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். சாவியை வாங்கித் தானே ஓட்டினான். அப்போது கைக்கடிகாரத்தில் மூன்று இருபத்தொன்று.

சரிவில் வண்டி பறந்தது. கீழே முக்கில் சிவப்பு விளக்கு. மின்னலின் இடது கை தானாக எழுந்து டேஷ்போர்டில் சைரன் சுவிட்சைத் தேடியது. அங்கே ரொட்டிக்காரரின் பில் கட்டு க்ளிப்பில் மாட்டியிருந்தது. விளக்கை மதிக்காமல் நுழைந்தான். நாலு பக்கமும் பிரேக் கிறீச்சிட்டது, ஒருத்தன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் திட்டினான். பரவாயில்லை என்று பெரிய ரோட்டில் திரும்பினான்.

அது ஒருவழிப் பாதை. எதிர்ப்பக்கம் வருவதற்கு மட்டுமான பாதை. பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்து தடவை அவன் அதில் எதிரே போய்க்கொண்டிருந்தான். சைரன் கேட்டதும் வண்டியெல்லாம் ரெண்டு ஓரமும் ஒதுங்கி நடுவில் வழி விடும். ஒருவழிப் பாதை என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. போர்டு இருக்கிறது, கண்ணில் பட்டிருக்கிறது, புத்தியில் பட்டதில்லை. இன்றைக்கு ஒருத்தனும் ஒதுங்கவில்லை. ரொட்டி வேனுக்கு எவன் ஒதுங்குவான்? நூறு கெஜம் போவதற்குள் ஒரு பஸ் மூக்கோடு மூக்காக வந்து நின்றது.

"கண்ணு பொட்டையா? எந்தப் பக்கம்டா வர்றே?" என்றான் பஸ் டிரைவர்.

"எமர்ஜென்சி! உள்ள ஆள் மூச்சு விட முடியாம இருக்காங்க, பின்னால எடுங்க!"

"எனக்குப் பின்னால முப்பது வண்டி நிக்குது, நான் எங்க எடுப்பேன்?"

ஸ்கூட்டரில் இருந்த ஒருத்தன், "எல்லாருக்கும்தான் எமர்ஜென்சி" என்றான். மின்னலுக்கு அவனை இறங்கிப்போய் அறைந்தால் என்ன என்று வந்தது. அறைய நேரம் இல்லை. போலீஸ்காரர் வந்தார், வேனுக்குள் எட்டிப் பார்த்ததும் முகம் மாறி, அந்த மனிதரும் கத்திக் கத்தி வண்டிகளை ஒதுக்கி, வேனைப் பின்னுக்கு எடுக்க வைத்தார். முன்னுக்கு விட முடியவில்லை. பின்னுக்கு வருவதற்கே பதின்மூன்று நிமிஷம் போயிற்று.

பிறகு எல்லாரும் போகிற வழி. மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், ஒவ்வொரு சிக்னலிலும் நின்று. ஊரின் வடக்குப் பகுதியைக் கரைத்துக் குடித்தவனுக்கு, சைரன் இல்லாத ஒரு மனுஷன் மேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவான் என்று தெரியவில்லை. ரொட்டிக்காரர்தான் பின்னாலிருந்து, "இங்க லெஃப்ட் எடுங்க, அடுத்தது ரைட்டு" என்று வழி சொல்லிக்கொண்டு வந்தார். ஹாரனை அழுத்தினான். முன்னால் நிற்கிற எல்லாரும் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

மார்க்கெட் திருப்பத்தில் வண்டி அசையாமல் நின்றபோது அக்கா கண்ணைத் திறந்தாள். அவன் கை மேல் கையை வைத்தாள். விரல் ஜில்லென்று இருந்தது.

"எவ்...ளோ ஆச்சு?"

மின்னல் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று ஐம்பத்தொன்று. முப்பது நிமிஷம்.

"ஆறுக்கா. ஆறு நிமிஷம்தான் ஆச்சு. இதோ வந்துட்டோம்."

பின்னால் ரொட்டிக்காரர் மூக்கை உறிஞ்சினார். அக்கா தம்பியின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவன் கையை ரெண்டு தடவை தட்டினாள், அன்றைக்குக் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுத் தலையில் தட்டின மாதிரியே.

"சொன்ன... மாதிரியே... வந்துட்டே" என்றாள்.

அவள் நம்பினாளா, நம்பின மாதிரி காட்டினாளா, இன்றைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

ஆஸ்பத்திரியின் முன் வாசலுக்குத் திரும்ப வேண்டியவன், பழக்க தோஷத்தில் பின் கேட்டுக்குத் திருப்பிவிட்டான். ஆம்புலன்ஸ் வருகிற கேட் அது. தூரத்தில் வண்டியைக் கண்டதும் கட்டையைத் தூக்கிச் சலாம் வைக்கிற வாட்ச்மேன், இன்றைக்குக் கையைக் குறுக்கே நீட்டினார்.

"ரொட்டியெல்லாம் கேன்டீன் கேட்டு. அந்தாண்ட சுத்திப் போ, சுத்திப் போ!"

"யோவ், நான்யா!"

வாட்ச்மேன் குனிந்து பார்த்தார். "ஐயையோ, மின்னலா?" என்று கட்டையைத் தூக்க ஓடினார். ஓடின வேகத்தில் கயிற்றின் முடிச்சு கையில் சிக்கி, அது வேறு ஒரு நிமிஷம். உள்ளே நுழைந்தபோது மணி நாலு ரெண்டு. நாற்பத்தொரு நிமிஷம்.

டாக்டரம்மா அரை மணி நேரம் போராடினாள். வெளியே வந்து, அவன் தோளைத் தொட்டாள். மின்னல் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்து, பெரிய சத்தமாக அழுதான். அந்தத் தாழ்வாரத்தில் எத்தனையோ பேரை அழாதீங்க, தைரியமா இருங்க என்று தட்டிக்கொடுத்து அனுப்பினவன். யாராவது வந்து அவனைத் தட்டிக்கொடுத்தார்களா, அவனுக்கு நினைவில்லை. பதிவேட்டுக்காரர் கேட்டபோது மட்டும், எங்கிருந்து கொண்டுவந்தீங்க என்பதற்கு "மேட்டுலேர்ந்து" என்று சொன்னான். நேரத்தைக் கேட்டதற்கு ரொட்டிக்காரர் பக்கம் கையைக் காட்டினான். ரொட்டிக்காரர் சொல்லி எழுத வைத்தார்.

மூன்று வாரம் கழித்து டூட்டிக்கு வந்தான். வேறு என்ன செய்வான்? அந்த வீட்டில் அத்தனை காற்றையும் வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது? வந்த நாலாம் நாள் காலையில் கன்ட்ரோல் ரூம் பொண்ணு கூப்பிட்டாள். குரல் இழுத்தது.

"அண்ணே... தண்ணித் தொட்டி மேடு. பெரியவர் ஒருத்தர், நெஞ்சு வலி. வேணும்னா இன்னொரு வண்டிக்குச் சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? நான்தான் பக்கத்துல இருக்கேன்" என்றான்.

ரொட்டிக்காரரின் அப்பா. பெரியவரை ஏற்றி, கதவைச் சாத்தி, சைரனைப் போட்டான். முக்கில் சிவப்பு விளக்கு. எல்லாரும் நின்று வழி விட்டார்கள். ஒருவழிப் பாதையில் எதிரே நுழைந்தான். பஸ்ஸும் காரும் ரெண்டு ஓரமும் ஒதுங்கின. வாட்ச்மேன் கட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பெரியவரை உள்ளே கொண்டுபோனதும் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அட்டெண்டர் டிரிப் புக்கை எடுத்து எழுதப் போனவன், பேனாவை நிறுத்திவிட்டு மின்னலைப் பார்த்தான்.

"எழுது" என்றான் மின்னல். "ஆறு."

ரொட்டிக்காரர் ஓடிவந்து அவன் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எப்பேர்ப்பட்ட வேலை பண்ணினீங்க தம்பி! ஆறே நிமிஷத்துல..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். மின்னல் கையை விடுவித்துக்கொண்டு, "அப்பாவைப் பாருங்க, போங்க" என்று அனுப்பினான்.

அன்றைக்கு டூட்டி முடிந்ததும் அவன் மேட்டுக்குப் போகிற பஸ்ஸுக்குப் போகவில்லை. அவசரப் பிரிவு வாசலில் நின்று நேரம் பார்த்துக்கொண்டு, மூட்டை தூக்குகிற பெண்கள் போகிற பக்கம் நடந்தான். பிணவறைக்குப் பின்னால், ஜெனரேட்டர் கொட்டகையைத் தாண்டி, சுவர் இடிந்து கிடந்தது. வழவழவென்று தேய்ந்த செங்கல். எத்தனை வருஷத்துக் கால் தேய்த்த வழியோ. பன்னிரண்டு வருஷமாக அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் வண்டியைக் கழுவியிருக்கிறான், அந்தப் பக்கம் ரிவர்ஸில் வந்திருக்கிறான். குனிந்து நுழைந்ததில்லை.

நுழைந்தான். சந்து. நீராவி. கடைப்படி. கடிகாரத்தைப் பார்த்தான். மெதுவாக நடந்து ரெண்டே முக்கால் நிமிஷம்.

சலவைக் கடைக்கார அம்மா படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய காக்கிச் சட்டையைப் பார்த்து, ஆஸ்பத்திரித் துணிக்குத்தான் ஆள் வந்திருக்கிறது என்று, "நாளைக்குக் காலையிலதான் கிடைக்கும்" என்றாள். பிறகு உற்றுப் பார்த்தாள்.

"நீங்க அந்தம்மாவோட தம்பிதானே? கீழ நின்னு உறுமிகிட்டிருந்தீங்களே! எங்க உங்க அக்கா? வரேன் வரேன்னு சொல்லிட்டு ஆளையே காணோம்."

மின்னல் ஒரு எட்டு முன்னால் வந்தான். "வரேன்னா சொன்னாங்க?"

"ரூமை ரெண்டு வாரம் யாருக்கும் குடுக்காதீங்கன்னாங்க. என் தம்பிக்குப் பஞ்சைப் பாத்தா ஆகாது, என்னை நெனைச்சுத்தான் பயப்படறான், மெதுவாப் பேசிக் கூட்டிட்டு வரேன், ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுக் குடுத்துடுங்கன்னாங்க. அவன் என்னைத் தூக்கிகிட்டு ஓடினா ரெண்டு நிமிஷம்கூட ஆகாதுன்னு சொல்லி ஒரே சிரிப்பு. நானும் கண்ணாடி போட்டு வெச்சு ஒரு மாசம் பாத்தேன். அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்."

அவன் மேலே பார்த்தான். ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருந்தது. வெளிப்பக்கம் பஞ்சு ஒட்டியிருந்தது, உள்ளே யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள்.

"இப்ப எங்க வீடு பாத்திருக்கீங்க?" என்றாள் அந்த அம்மா.

"தண்ணித் தொட்டி மேடு."

"அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ நேரமாகும்?"

யார் கேட்டாலும், எத்தனை பேர் கேட்டாலும், வாயில் தயாராக இருந்த பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மின்னல் அதை விழுங்கினான்.

"நாப்பத்தொரு நிமிஷம்" என்றான்.

"அடப் பாவமே!" என்றாள் அந்த அம்மா, மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்துக்கொண்டே. "உடம்பு முடியாதவங்களை வெச்சுகிட்டு யாராவது அவ்ளோ தூரத்துல போய் இருப்பாங்களா?"